செவியுள்ள வழிகாட்டி: மகிழுந்துக்கு வழிகாட்டிக் கருவி தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய மகிழுந்துக்குப் புதிதாக வழிகாட்டிக் கருவி பொருத்த நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை அங்குலத் திரை?" என்பதுதான். விற்பவரும் ஒன்பது அங்குலம், பத்து அங்குலம் என்று அடுக்கிக் காட்டுவார். ஆனால் வண்டி ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் திரையை நாம் பார்க்கக்கூடாத நேரமே மிகுதி. அப்போது நமக்கு உதவுவது கருவியின் வாயும் செவியும் மட்டுமே. ஆகவே, கைபடாமல் குரலால் இயக்கும் கருவியை வாங்குவோர் திரையை அளப்பதற்கு முன் அதன் செவியைச் சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்த நான், வேலைக்குச் சேர்ந்ததும் அப்பாவின் மைவி மகிழுந்துக்கு ஒரு கருவி தேடினேன். அப்பா ஈப்போவிலிருந்து திருமண மண்டபங்களுக்கும் கோயில்களுக்கும் மாலையும் பூவும் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில் செய்கிறார். தமிழும் மலாயும் சரளமாகப் பேசுவார். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தேடுவது அவருக்குச் சிரமம். அந்தத் தேடலில் படித்ததையும் சோதித்ததையும் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

கருவி வழியறிவது எப்படி?

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கத் தற்காப்புத் துறை 1973இல் தொடங்கிய திட்டம். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்கள் நேரக் குறிப்புடன் சமிக்ஞை அனுப்புகின்றன. அவை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு நம் கருவி தூரத்தைக் கணிக்கிறது. குறைந்தது நான்கு துணைக்கோள்கள் தெரிந்தால் இருக்குமிடம் புலப்படும். பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியத்தை அமெரிக்கா நெடுங்காலம் வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன் பிறகே மகிழுந்துக்கான வழிகாட்டிகள் உலகெங்கும் பெருகின. இன்று திறந்த வானத்தின் கீழ் ஒரு திறன்பேசி சுமார் ஐந்து மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டுகிறது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, 2020இல் உலகளாவிய அமைப்பாக நிறைவுபெற்ற சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்கும் கருவி, உயரமான கட்டடங்களுக்கு நடுவே தடுமாறுவது குறையும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். துணைக்கோள் சமிக்ஞையைப் பெறுவதற்கு இணையம் தேவையில்லை. வரைபடத்தை இறக்கவும் நெரிசல் நிலவரம் அறியவும்தான் இணையம் வேண்டும். பல கருவிகளில் நம் குரலைப் புரிந்துகொள்ளும் வேலையும் தொலைவிலுள்ள கணினியில்தான் நடக்கிறது. கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் மலைச்சாலையில் கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டு வரும். தொடர்பு அறுந்த இடத்தில் அம்புக்குறி நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் நாம் பேசுவதற்குப் பதில் வராது. எனவே செல்லும் வட்டாரத்தின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க இடம் தரும் செயலி அவசியம்.

சுரங்கப்பாதை வேறொரு சோதனை. 2007இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் ஸ்மார்ட் சுரங்கப்பாதையிலோ சிங்கப்பூரின் காலாங் - பாயா லேபார் விரைவுச்சாலைச் சுரங்கத்திலோ துணைக்கோள் சமிக்ஞை எட்டாது. வாகனத்தின் வேகத்தையும் திரும்பும் கோணத்தையும் கொண்டு இருக்குமிடத்தைக் கணிக்கும் கருவிகள் உண்டு. வாகனத்தின் வேகக் கம்பியோடு இணைக்கக்கூடிய கருவியா என்று கடையில் கேட்டால் இது தெரிந்துவிடும். சிங்கப்பூரில் தினமும் சுரங்க விரைவுச்சாலையில் போகிறவர்களுக்கு இது பயன்தரும். மற்றவர்கள் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று வகைகள்

முதல் வகை, கண்ணாடியில் ஒட்டும் தனிக்கருவி. 2000ஆம் ஆண்டுகளில் கார்மின் போன்ற கருவிகள் நம் நாட்டில் புகழ்பெற்றிருந்தன. வரைபடம் உள்ளேயே இருப்பதால் இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் வழி சொல்லும். ஆனால் புதிய சாலைகள் வரும்போது வரைபடத்தைப் புதுப்பிக்க மறந்தால், அது பழைய ஊரிலேயே நம்மை ஓட்டிச் செல்லும். சுங்கை பீசி - உலு கிளாங் உயர்நிலை விரைவுச்சாலை 2022இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய வரைபடத்திற்கு அப்படியொரு சாலை இருப்பதே தெரியாது.

இரண்டாம் வகை, வானொலி இருந்த இடத்தில் பொருத்தும் ஆண்ட்ராய்டு பிளேயர். இது தானே ஒரு சிறு கணினி. வழிகாட்டிச் செயலிகளை அதிலேயே நிறுவலாம். நம் நாட்டுத் துணைப்பொருள் கடைகளில் அதிகம் விற்பனையாவதும் இதுவே. விலையும் தரமும் கடைக்குக் கடை மாறும். நினைவகம் குறைந்த கருவியில் வரைபடம், பாட்டு, பின்பக்கக் கேமரா மூன்றும் சேர்ந்தால் எல்லாமே மெதுவாகிவிடும். இரண்டு ஜிகாபைட் நினைவகம் கொண்டதை விட்டு, நான்கும் அதற்கு மேலும் உள்ளதைப் பார்ப்பது நல்லது. இணையத்திற்குத் தனி சிம் அட்டையோ கைப்பேசி இணைப்போ கொடுக்க வேண்டும்.

மூன்றாம் வகை, கைப்பேசியின் மூளையைக் கடன்வாங்கும் திரை. ஆப்பிள் கார்பிளே 2014இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015இலும் பயன்பாட்டுக்கு வந்தன. இதில் வரைபடமும் குரல் உதவியும் கைப்பேசியிலிருந்து வருகின்றன. திரையும் ஒலிபெருக்கியும் மட்டும் மகிழுந்தினுடையவை. கைப்பேசியை மாற்றினால் வழிகாட்டியும் புதிதாகும். ஓட்டும்போது தேவையில்லாத செயலிகள் திரையில் வராமல் இவை தடுத்துவிடுகின்றன. குரல் வசதியை முதன்மையாகக் கருதுவோருக்கு இந்த மூன்றாம் வகையையே நான் பரிந்துரைப்பேன். இரண்டாம் வகைக் கருவிகள் பலவற்றிலும் இவ்வசதி சேர்ந்தே வருவதால், "இதில் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் உண்டா? கம்பியில்லாமல் இணையுமா?" என்று கேட்டு வாங்கலாம்.

எந்த வகையானாலும் அளவு பொருந்த வேண்டும். வானொலி வைக்கும் இடத்தின் அனைத்துலக அளவு 180 மில்லிமீட்டர் அகலம். ஒற்றை டின் என்றால் உயரம் 50 மில்லிமீட்டர், இரட்டை டின் என்றால் 100 மில்லிமீட்டர். டொயோட்டா, டைஹாட்சு மரபில் வந்த பல வண்டிகளில் அகலம் 200 மில்லிமீட்டர். வண்டியின் பெயரோடு தயாரிப்பு ஆண்டையும் சொல்லி, அதற்கென்றே செய்த சட்டத்தையும் இணைப்பானையும் கேளுங்கள். அசல் கம்பியை வெட்டி ஒட்டும் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள். பிற்காலத்தில் மின்கோளாறு வந்தால் காரணம் தேடுவது கடினமாகிவிடும்.

கண்ணுக்கு எத்தனை வினாடி?

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வாகனக் கருவிகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஓட்டுநரின் கண் ஒரு முறைக்கு இரண்டு வினாடிக்கு மேல் சாலையை விட்டு விலகக்கூடாது. ஒரு வேலை முழுவதற்கும் சேர்த்துப் பன்னிரண்டு வினாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது அதன் சாரம். நம் வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி என்பது 61 மீட்டர். அத்தனை தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்கு அது சமம். ஒரு ஊரின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டுவதற்கு இரண்டு வினாடி போதாது என்பதை நாம் அறிவோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மலேசியாவில் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது குற்றம். சிங்கப்பூரில் 2015 பிப்ரவரி முதல், ஓடும் வாகனத்தில் கைப்பேசியையோ கைக்கணினியையோ கையில் பிடித்து இயக்குவதே குற்றமாகும். பேசினாலும் வரைபடம் பார்த்தாலும் வேறுபாடில்லை. முதல் முறைக்கே 1,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அப்படியானால் குரலால் இயக்கினால் ஆபத்தே இல்லையா? இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. குரல் கட்டளை முடிந்த பிறகும் மனச்சிதறல் நீடிப்பதை அவர்கள் அளந்தார்கள். மோசமான கருவிகளில் அது 27 வினாடி வரை நீடித்தது. மிகக் குறைவாகக் கவனத்தைச் சிதறடித்தவற்றிலும் 15 வினாடியைத் தாண்டியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 27 வினாடி என்றால் 450 மீட்டர். கை சக்கரத்தில் இருக்கிறது, கண் சாலையில் இருக்கிறது. ஆனால் மனம் இன்னும் கருவியோடு வாதாடிக்கொண்டிருக்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. சரியாகக் கேட்காத குரல் கருவி, குரலே இல்லாத கருவியைவிட ஆபத்தானது. "மன்னிக்கவும், புரியவில்லை" என்று அது சொல்லச் சொல்ல நாம் குரலை உயர்த்துவோம், சொல்லை மாற்றுவோம், கடைசியில் விரலையே நீட்டிவிடுவோம். குரல் வசதியை விளம்பரத்துக்கான அலங்காரமாகக் கருதாமல், முதல் முறையிலேயே சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

செவி எங்கே இருக்கிறது?

கருவியின் செவி அதன் ஒலிவாங்கி. பல கருவிகளில் இது திரையின் ஓரத்தில் ஊசித்துளை அளவில் இருக்கும். குளிரூட்டியின் காற்று வரும் துளையும் அநேகமாக அதன் பக்கத்திலேயே இருக்கும். மழைநாளில் கூரையின் மேல் விழும் சத்தமும் சேர்ந்தால், நம் பேச்சு அதில் மூழ்கிவிடும்.

இதற்குத் தீர்வு மலிவானது. வெளி ஒலிவாங்கியை இணைக்கும் துளை உள்ள கருவியாகப் பார்த்து வாங்கி, ஒலிவாங்கியை ஓட்டுநர் பக்கத்துத் தூணின் மேற்பகுதியிலோ வெயில் மறைப்புக்கு அருகிலோ பொருத்தச் சொல்லலாம். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே தூரம் குறையக் குறைய இரைச்சலின் பங்கு குறையும். தூணில் காற்றுப்பை இருந்தால் கம்பி அதன் குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றுப்பை விரியும்போது வழியில் எதுவும் இருக்கக்கூடாது.

புளூடூத் இணைப்பிலும் வேறுபாடு உண்டு. பழைய முறையில் குரல் வினாடிக்கு 8,000 மாதிரிகளாக மட்டுமே கடத்தப்பட்டது. 2011இல் வந்த கைபடாப் பேச்சு நெறிமுறையின் 1.6ஆம் பதிப்பு 16,000 மாதிரிகளுக்கு வழிசெய்தது. ச, ஷ, ஸ போன்ற உரசொலிகளின் வேறுபாடு உயர்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. பழைய முறையில் அவை வெட்டுப்பட்டுவிடும். "செராஸ்" என்பதும் "ஷா ஆலாம்" என்பதும் தெளிவாகப் போய்ச் சேர வேண்டுமானால் புதிய பதிப்பை ஏற்கும் கருவி வேண்டும்.

நம் வாயில் வழங்கும் பெயர்கள்

ஒலி தெளிவாகப் போனாலும் பெயர் புரிய வேண்டும். நம் நாட்டில் ஒரே பயணத்தில் மூன்று மொழிகள் கலக்கும். ஆங்கிலக் குரலை வைத்தால் "ஜாலான்", "லோரோங்", "பெர்சியாரான்" எல்லாம் உருமாறி ஒலிக்கும். சொல்வது எந்தச் சாலை என்று யோசிப்பதற்குள் திருப்பம் கடந்துவிடும். மலாய்க் குரலை வைத்தால் சாலைப் பெயர்கள் பலகையில் உள்ளபடியே காதில் விழும். அப்பாவுக்கு இதுவே உகந்ததாக இருந்தது. பெட்டாலிங் ஜெயாவின் எண் சாலைகள் தனிச் சிக்கல். "எஸ்.எஸ். 2/24" என்பதை எப்படிச் சொன்னால் கருவி புரிந்துகொள்கிறது என்று வீட்டிலேயே ஒருமுறை சொல்லிப் பழக வேண்டும்.

தமிழுக்கு வருவோம். கூகள் நிறுவனம் 2017இல் தன் குரல் தேடலில் தமிழைச் சேர்த்தது. அதன் பேச்சறிதல் சேவையில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் ஆகியவற்றோடு மலேசியத் தமிழும் சிங்கப்பூர்த் தமிழும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. நம் பேச்சுக்கென்று ஒரு தெரிவு இருப்பதை அறியாமலேயே பலர் ஆங்கிலத்தில் திணறிக்கொண்டிருக்கிறார்கள். கைப்பேசியின் குரல் உள்ளீட்டு மொழிப் பட்டியலைத் திறந்து "தமிழ் (மலேசியா)" என்பதைத் தேடிப் பாருங்கள்.

எனினும், மொழி புரிந்தால் மட்டும் போதாது. நாம் வழங்கும் பெயர் வரைபடத்திலும் இருக்க வேண்டும். பினாங்கில் நாம் சொல்வது தண்ணீர்மலை, ஈப்போவில் கல்லுமலை, மலாக்காவில் சன்னாசிமலை, கோலாலம்பூரில் கோர்ட்டுமலை. அப்பாவுக்குப் பூ கேட்டு வரும் அழைப்புகளிலும் இந்தப் பெயர்கள்தான் வரும். "குனோங் செரோ" என்று யாரும் சொல்வதில்லை. கருவியை முதன்முதலாக இயக்கியபோது அவர், "கல்லுமலைன்னு சொன்னா இதுக்குத் தெரியுமாம்மா?" என்றுதான் கேட்டார்.

தெரிய வைக்கலாம். கூகள் வரைபடத்தில் ஓர் இடத்தைத் திறந்து நமக்கு வேண்டிய பெயரை அதற்கு அடைப்பெயராகச் சூட்ட முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சொல்லச் சொல்ல நான் அவர் அடிக்கடி போகும் கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் அவர் வழங்கும் பெயர்களையே சூட்டினேன். இப்போது பெரும்பாலான நாள்களில் அவர் புறப்படுமுன் பெயரைச் சொல்லி வழியைத் தொடங்கிவிடுகிறார். வண்டி ஓடும்போது திரையைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் ஓடும் வண்டிக்கு விதித்துக்கொண்ட ஒழுங்கும் அதுதான்: ஒருமுறை சொல், புரியாவிட்டால் இரண்டாம் முறை வேண்டாம், ஓரமாக நிறுத்தித் தட்டு.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

வாங்கப் போகும்போது உங்கள் கைப்பேசியையும், வழக்கமாக ஓட்டுபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் குரல் வேறு, அவர் குரல் வேறு. பின்வருவனவற்றைச் சரிபாருங்கள்.

1. கைப்பேசியை இணைத்து, இயந்திரத்தை இயக்கி, குளிரூட்டியை மூன்றாம் எண்ணில் வையுங்கள். கடையின் அமைதியில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் கேட்கும்.

2. நீங்கள் உண்மையிலேயே போகும் பத்து இடங்களின் பெயரைச் சொல்லுங்கள். மலாய்ப் பெயர், ஆங்கிலப் பெயர், எண் சாலை, தமிழ்ப் பெயர் நான்கும் அதில் இருக்கட்டும். முதல் முறையில் புரிந்தவற்றை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

3. குரல் உதவியை அழைப்பதற்குப் பேச்சு போதுமா, பொத்தானை அழுத்த வேண்டுமா என்று பாருங்கள். பொத்தான் என்றால், சக்கரத்தில் ஏற்கனவே உள்ள பொத்தானோடு அதை இணைக்க முடியுமா என்று கேளுங்கள்.

4. பாட்டு ஓடும்போது வழி சொல்லும் குரல் வந்தால் பாட்டு தானாகத் தணிகிறதா என்று கவனியுங்கள்.

5. கருவி வழியாக வீட்டுக்கு ஓர் அழைப்பு விடுங்கள். மறுமுனையில் எதிரொலி கேட்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள்.

6. இணையத்தைத் துண்டித்துவிட்டு, இறக்கி வைத்த வரைபடத்தில் வழி காட்டுகிறதா என்று பாருங்கள்.

7. நண்பகல் வெளிச்சத்தில் திரை தெரிகிறதா, இரவில் தானாக மங்குகிறதா என்று கேளுங்கள். மங்காத திரை இரவுப் பயணத்தில் கண்ணைக் கூசச் செய்யும்.

8. உத்தரவாதக் காலத்தையும், பழுதானால் கருவியைக் கழற்றி மாட்டும் கூலி யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இந்தச் சோதனைக்கு அரைமணி நேரம் ஆகும். அதற்கு இடம்கொடுக்காத கடையில் வாங்காமல் வருவதே மேல்.

மொழிக் கழகத்தார் செய்யக்கூடியது

தமிழ் ஒலிக்கும் கருவி வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். கருவி நம்மிடமிருந்து எதிர்பார்ப்பது பெயர்களை. தன்னார்வலர்களால் 2004 முதல் வளர்க்கப்பட்டு வரும் ஓப்பன் ஸ்டிரீட் மேப் என்ற திறந்த வரைபடத்தில், ஒவ்வோர் இடத்துக்கும் அதன் தமிழ்ப் பெயரைத் தனியே பதிவுசெய்ய வசதி உண்டு. அதைப் பயன்படுத்தும் சில செயலிகளில் வரைபடத்தைத் தமிழ்ப் பெயர்களோடு பார்க்கவும் முடியும். தோட்டங்களையும் கோயில்களையும் மலைகளையும் நம் பெரியவர்கள் எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பது பெரும்பாலும் அவர்கள் நாவில் மட்டுமே இருக்கிறது. துண்டாடப்பட்ட தோட்டங்களின் பெயர்கள் அங்கே வாழ்ந்தவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒவ்வொரு மாணவரும் தத்தம் வட்டாரத்தில் பத்துப் பெயர்களைக் கேட்டு, சரியான இடத்தில் பதிந்தால் போதும். யாப்பும் இலக்கணமும் கற்பதைப்போல இதுவும் மொழிப்பணிதான். அதோடு, தமிழில் மட்டும் வழி கேட்கத் தெரிந்த ஓர் ஓட்டுநரின் கண், சாலையை விட்டு விலகாமல் இருக்கவும் அது உதவும்.